சதுரங்கத்தில் உழிஞைப் போர்

பகைவனுடைய அரணை வளைத்து நின்று பொருதலை உழிஞை என்றும், அவ்வரணின் உள்ளே நின்று காத்தலை நொச்சி என்றும் வழங்குவது நம் இலக்கண மரபு. தொல்காப்பியர் இவ்விரண்டையும் உழிஞை என்னும் ஒரு திணையுள்ளே அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலை செய்த ஐயனாரிதனார் நொச்சியைத் தனித் திணையாகப் பிரித்து வைத்தார். மதிலும் அகழியும் அழிந்தன. உழிஞைப் பூவைச் சூடிச் சென்ற மறவரும் மறைந்தனர். ஆயினும் 64 கட்டங்கள் கொண்ட ஒரு சிறு பலகையின்மீது அந்தப் போர் இன்றும் ஓய்ந்தபாடில்லை. சதுரங்க ஆட்டத்திலே எதிரியின் அரசனை நேராகத் தாக்குவது எவ்வாறு, எப்பொழுது அது தகும், எப்பொழுது தகாது என்னும் வினா, ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரரை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வாதிட வைத்தது. அவ்வாதத்தின் வரலாறு இலக்கிய அன்பர்க்கும் ஆசிரியர்க்கும் சுவை பயப்பது.

சதுரங்கம் என்னும் பெயர் யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையுறுப்பைக் குறிப்பது என்பதை யாவரும் அறிவர். இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்கும், ஆங்கிருந்து அரபு நாடுகளுக்கும், பின்னர் ஐரோப்பாவுக்கும் சென்ற இவ்வாட்டம், போகுமிடந்தோறும் சில காய்களின் பெயரையும் நடையையும் மாற்றிக்கொண்டது. நம்மவரும் மூலையில் நிற்கும் காயை ஓரிடத்தில் யானை என்பர். வேறோரிடத்தில் கோட்டை என்பர். இக்கட்டுரையில் அரசன், இராணி, மந்திரி, குதிரை, கோட்டை, காலாள் என்னும் பெயர்களையே கையாள்வோம்.

இவ்வாட்டத்தின் விதிகளுள் மிகவும் நுட்பமானது, அரசனை ஒருபோதும் வெட்டுவதில்லை என்பதே. பிற காய்கள் யாவும் வெட்டுண்டு பலகையை விட்டு நீங்கும். அரசன் நீங்குவதில்லை, தப்பும் வழியின்றி அகப்பட்ட அக்கணத்திலேயே ஆட்டம் முடிந்துவிடும். 'ஷா மாத்' என்னும் பாரசீகத் தொடரின் வழியே வந்ததே மேனாட்டார் அந்நிலைக்கு இட்ட பெயர். அரசன் செயலற்றுப் போனான் என்பது அதன் கருத்து. ஆகவே, எதிரியின் காய்கள் அத்தனையும் அழியாமல் நிற்க, அவன் அரசன் ஒருவனே அகப்பட்டு வீழ்தலும் கூடும். காய்களை எண்ணிப் பார்த்து வெற்றி தோல்வியை அறிய இயலாது என்பதே இவ்வாட்டத்தின் உயிர்நிலை.

பழைய ஆட்டத்தில் இத்தகைய தாக்குதல் மெதுவாகவே நிகழ்ந்தது. அரசனுக்கு அருகில் நின்ற காய் அன்று மந்திரியாயிருந்தது. கோணலாக ஒரே ஒரு கட்டம் நகரும் வலிமைதான் அதற்கு இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், ஸ்பெயின், இத்தாலி முதலிய நாடுகளில், அக்காய் இராணியாகி, எத்திசையிலும் எத்தனை கட்டமும் பாயும் ஆற்றலைப் பெற்றது. அன்றுமுதல் தாக்குதல் மின்னலாயிற்று. தாக்குதல் விரைவுபெறவே, காவலும் விரைவுபெற வேண்டியதாயிற்று. அரசனை நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொண்டுபோய், முன்னே மூன்று காலாட்களை மதிலாக நிறுத்தி, கோட்டையைக் காவலாக வைக்கும் முறை பின்னர் நிலைபெற்றது. 'கோட்டை கட்டுதல்' என்று நம் மாணவர் சொல்வது இதனையே. உழிஞையும் நொச்சியும் இவ்வாறு பலகையின்மேல் எதிரெதிர் நின்றன.

இரண்டு கணித ஆசிரியர்கள்

1851ஆம் ஆண்டு இலண்டன் மாநகரிலே மாபெரும் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. அதனையொட்டி, உலகின் முதலாவது சர்வதேசச் சதுரங்கப் போட்டியும் கூட்டப்பட்டது. அதில் வென்றவர் அடொல்ப் அண்டர்சன் என்பவர். பிரெஸ்லவ் நகரிலே கணிதம் கற்பித்த பள்ளி ஆசிரியர். போட்டிக்குப் புறம்பாக, யூன் மாதம் 21ஆந் திகதி, அவர் லயனல் கீசெரிற்ஸ்கி என்பவரோடு பொழுதுபோக்காக ஓர் ஆட்டம் ஆடினார். கீசெரிற்ஸ்கியும் ஒருகாலத்தில் டோர்ப்பாற் நகரிலே கணித ஆசிரியராயிருந்தவரே. பின்னர் பாரிஸ் சென்று சதுரங்கம் கற்பித்து வாழ்ந்தார். பரிசும் பணமும் இல்லாத அந்த ஆட்டமே, இன்றுவரை 'அழியா ஆட்டம்' என்று போற்றப்படுவது. அப்பெயரை 1855இல் இட்டவர் ஏர்ணஸ்ற் பால்க்பேர் என்னும் வியன்னா ஆட்டக்காரர்.

அண்டர்சன் தம் மந்திரிகளுள் ஒன்றைப் பறிகொடுத்தார். பின்னர் ஒரு கோட்டையைக் கொடுத்தார். கீசெரிற்ஸ்கியின் இராணி பலகையின் மறுகோடிவரை சென்று இரண்டாம் கோட்டையையும் வெட்டியது. பார்ப்பவர்க்கு அண்டர்சன் பாழாய்ப்போனார் என்றே தோன்றும். ஆனால், அந்த இரண்டாம் கோட்டை வீழ்வதற்கு முன் அவர் செய்தது ஒரு காலாளை ஒரே கட்டம் முன்னே தள்ளியதுதான். அக்காலாள் போய் நின்ற இடம், கறுப்பு இராணி தன் அரசனைக் காக்கத் திரும்பிவரும் கோணல் வழியின் நடுவிடம். வேட்டைக்குச் சென்ற இராணி வீடு திரும்பும் வழி அடைபட்டது.

பின் நிகழ்ந்தது இன்னும் வியப்பானது. வெள்ளைக் குதிரை ஒன்று காலாளை வெட்டி முற்றுகையிட, கறுப்பரசன் ஒரு கட்டம் ஒதுங்கினான். அவ்விடத்து அவனை மடக்குவதற்கு வேண்டிய கட்டத்தைக் கறுப்புக் குதிரை ஒன்று காத்து நின்றது. அண்டர்சன் தம் இராணியையே அக்குதிரையின் முன் வைத்து முற்றுகையிட்டார். குதிரை அதனை வெட்டியே தீரவேண்டும். வெட்டுவதற்காக அது இடம்பெயர்ந்தது. காவலற்ற கட்டத்தில் மந்திரி வந்து அமர்ந்தது. 23ஆவது நகர்வில் ஆட்டம் முடிந்தது. அவ்வேளையில் கணக்குப் பார்த்தால், கீசெரிற்ஸ்கி இழந்தவை மூன்று காலாட்கள் மாத்திரமே. அவருடைய பெருங்காய்கள் ஒன்றும் குறையவில்லை. அண்டர்சனோ இராணி, இரு கோட்டைகள், ஒரு மந்திரி என்பவற்றை இழந்திருந்தார். எஞ்சிய ஒரு மந்திரியும் இரு குதிரைகளுமே அரசனை மடக்கின.

இவ்வெற்றியின் காரணம் என்ன? கறுப்பு இராணியும் ஒரு மந்திரியும் தொலைவிலே கொள்ளையடித்துக்கொண்டிருந்தன; மற்றப் படை பெரும்பாலும் பாசறையை விட்டுப் புறப்படவேயில்லை. அரசனோ கோட்டை கட்டாது நடுவிலே நின்றான். பொருள் கறுப்பனிடம் இருந்தது. படை வெள்ளையனிடம் இருந்தது. களத்தில் நின்று போர் செய்யாத படை, எண்ணிக்கையில் மாத்திரம் படையாகும்.

இதே பாடத்தை, இன்னும் தெளிவாக, அமெரிக்கரான போல் மோர்பி 1858இல் பாரிஸ் நகரத்து ஒப்பெரா அரங்கில் கற்பித்தார். பிறன்சுவிக் கோமகனும் இசுவார் பிரபுவும் ஒருங்கு சேர்ந்து அவரை எதிர்த்தனர். மோர்பி ஒவ்வொரு நகர்விலும் ஒரு புதுக் காயைக் களத்துக்கு அழைத்தார். எதிரிகளின் மந்திரி ஒன்றும் கோட்டை ஒன்றும் ஆட்டம் முடியும்வரை நின்ற இடத்திலேயே நின்றன. 17ஆவது நகர்வில், இராணியையும் கொடுத்தபின், ஒரு கோட்டையும் ஒரு மந்திரியும் கொண்டே மோர்பி அரசனை மடக்கினார். தொடக்க மாணவர்க்கு உலகெங்கும் முதலிற் காட்டப்படும் ஆட்டங்களுள் இஃதொன்று.

வீரத்தை விசாரணை செய்தவர்

அக்காலத்து ஆட்டக்காரர், அரசனைத் தாக்குவதையே மானமுள்ள ஆட்டம் என்று கருதினர். பலியாகத் தரப்பட்ட காயை ஏற்க மறுப்பது கோழைத்தனம் என்ற எண்ணமும் இருந்தது. இவ்வெண்ணத்தை விசாரணைக்கு உட்படுத்தியவர் பிராக் நகரிற் பிறந்த வில்கெம் ஸ்ரைனிற்ஸ். அவரும் இளமையிற் கடுந்தாக்குதலில் வல்லவரே. 1866இல் இலண்டனிலே அண்டர்சனோடு பொருது, எட்டு ஆட்டங்களில் வென்று ஆறில் தோற்றார். ஓர் ஆட்டமேனும் சமநிலையில் முடியவில்லை என்பது அக்காலத்து மனப்பான்மைக்குச் சான்று. ஆனால் அடுத்த பத்தாண்டில் அவர் சிந்தனை மாறிற்று. தாக்கியவன் வென்றது தாக்கியதனாலா, அல்லது எதிரி முன்னமே தவறியிருந்ததனாலா என்று கேட்கத் தொடங்கினார்.

அவர் கண்ட விடை இது: இரு பக்கத்தாரும் சரியாக ஆடினால் நிலை சமனாகவே இருக்கும். சமநிலையைக் குலைக்கும் ஓர் அநுகூலம் கிடைத்தாலன்றித் தாக்குதல் வெல்லாது. கிடைத்தபின் தாக்கியே தீரவேண்டும். இன்றேல் அந்த அநுகூலம் கரைந்துபோகும். தாக்குதல் விருப்பத்தின்பாற்பட்டதன்று, நிலைமையின்பாற்பட்டது என்பதே அதன் சாரம். அவர் அண்டர்சனின் அழியா ஆட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. கீசெரிற்ஸ்கி வெட்டும் வரிசையை மாற்றியிருந்தால் நன்றாய் எதிர்த்து நின்றிருக்கலாம் என்று காட்டினார். பலர் அவரை வெறுத்தனர். கவிதையை இலக்கணத்தால் அளந்து கொல்கிறார் என்பது போன்ற குற்றச்சாட்டு அது. எனினும் 1886இல் சூக்கர்ரோட் என்பவரை வென்று உலக வீரர் பட்டத்தை முறைப்படி பெற்றவர் அந்த ஸ்ரைனிற்ஸே.

வலி, காலம், இடம்

தாக்குதல் எந்நிலையில் தகும் என்று அவருக்குப் பின் வந்தோர் வகுத்தவற்றைத் தொகுத்து நோக்கினால், வள்ளுவர் அரசியலில் அடுத்தடுத்து வைத்த வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரத் தலைப்புகளே நினைவுக்கு வரும்.

வலி என்பது பலகை முழுவதிலும் உள்ள காய்களின் தொகையன்று. எதிரியரசனைச் சூழ்ந்த அச்சிறு பகுதியில் நம் படை எத்துணை, அவன் காவல் எத்துணை என்பதே. எதிரியின் இராணி மறுகோடியில் நிற்குமாயின், அவ்வேளைக்கு அஃது இல்லாததற்கு ஒப்பாகும். தாக்குவோர் காப்போரை விட மிகும்போதுதான் ஒரு காயைப் பலியிட்டு மதிலைப் பிளத்தல் தகும்.

இடம் என்பது மதிலின் நலிந்த பகுதி. கோட்டை கட்டாத அரசனுக்கு, அவனுடைய மந்திரிப் பக்கத்துக் காலாள் நிற்கும் கட்டமே நலிந்தது. அதனைக் காப்பவன் அரசன் ஒருவனே. இராணியையும் மந்திரியையும் கொண்டு நான்கே நகர்வில் அங்கே மடக்க முனைவது பள்ளி மாணவர் யாவரும் ஒருமுறையேனும் செய்து பார்த்த தந்திரம். அறிந்தவனிடம் அது பலியாது. இரு காய்கள் மாத்திரம் புறப்பட்ட தாக்குதலாதலின், அவன் தன் குதிரைகளை வெளிக்கொணர்ந்தே இராணியைத் துரத்திவிடுவான். கோட்டை கட்டிய அரசனுக்கு ஓரத்துக் காலாளே நலிந்த இடம். அதனைக் காவல்புரியும் குதிரையை அகற்றிவிட்டால், மந்திரி அக்காலாளை வெட்டி அரசனை வெளியே இழுக்கலாம். பின்னாலே குதிரையும் இராணியும் பாயும். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலியரான கிறேக்கோவின் ஏடுகளிலேயே இம்முறை காணப்படுகிறது.

காலம் என்பது இரண்டு. ஒன்று, எதிரி தன் படையைத் திரட்டி முடிக்குமுன் அடிப்பது. மற்றது, நடுக்களத்தின் நிலை. ஓரத்திலே தாக்கச் சென்றவன் நடுவைத் திறந்து விட்டுச் சென்றால், எதிரி அவ்வழியே அவன் வீட்டினுள் நுழைந்துவிடுவான். நடு பூட்டப்பட்டிருக்கும்போது, அல்லது நம் கையில் இருக்கும்போது ஓரத்திலே படையெடுப்பதே முறை. இருவரும் எதிரெதிர்ப் பக்கங்களிற் கோட்டை கட்டியிருப்பின், கணக்கு வேறுபடும். அங்கே தத்தம் காலாட்களை முன்தள்ளி எவன் முந்துகிறானோ அவனே வெல்வான். ஒரே ஒரு வீண் நகர்வு ஆட்டத்தையே விலையாகக் கொள்ளும்.

இரு மந்திரிகளின் பலி

இம்மூன்றும் ஒருங்கு பொருந்திய ஆட்டம் 1889இல் ஆம்ஸ்ரர்டாம் நகரிலே நடந்தது. ஆடியவர் பின்னாளில் 27 ஆண்டுகள் உலக வீரராய் விளங்கிய எமானுவேல் லாஸ்கர். அப்பொழுது வயது 20. எதிரி பௌவர். கறுப்பரசனைச் சுற்றிக் குதிரை ஒன்றே காவலாயிருந்தது. லாஸ்கர் தம் குதிரையை நீட்டி அக்காவற் குதிரையை வெளியே இழுத்தார். உடனே ஒரு மந்திரி ஓரத்துக் காலாளை வெட்டி வீழ்ந்தது, இராணி முற்றுகையிட்டது, மறு நகர்விலே இரண்டாம் மந்திரியும் அடுத்த காலாளை வெட்டி வீழ்ந்தது. மதிலின் இரண்டு கற்கள் பெயர்ந்தன. இராணி முற்றுகையிட, அரசன் வெளியோரத்துக்கு ஒதுங்கினான். பின்னிருந்த கோட்டையை முன்னே எடுத்து வந்து, அப்பக்கத்து நெடுவழியில் இறக்க லாஸ்கர் ஆயத்தமானார்.

பௌவர் ஒரு காலாளை விலக்கித் தம் இராணியைக் குறுக்கே கொணர்ந்து, ஒரு கோட்டைக்கு ஈடாக அதனைக் கொடுத்தார். மடக்கு நீங்கியது. இரு மந்திரிகளைக் கொடுத்தவர் பெற்ற பயன் போதாது என்று அவ்விடத்தில் ஒருவர் எண்ணலாம். ஆனால் லாஸ்கரின் இராணி ஒரு கட்டத்திற் சென்று அமர்ந்து, கறுப்பனின் இரு மந்திரிகளையும் ஒருசேரக் குறிவைத்தது. இரண்டையும் காக்க வழியில்லை, ஒன்று போயிற்று, ஆட்டமும் அவ்வழியே போயிற்று. பலியிடத் தொடங்கும்போதே இக்கடைசி அடியையும் கணக்கிற் கொண்டிருந்தமையே இத்தாக்குதலைச் சூதாட்டத்திலிருந்து பிரித்துக் காட்டுவது. 1914இல் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் தராஷ் என்பவர் நிம்சோவிச்சை இதே முறையால் வென்றபோது, வழி புதிதன்று என்பதனால் அழகுப் பரிசில் இரண்டாமிடமே அவருக்குக் கிடைத்தது.

நியாயம் பேசிய ஸ்ரைனிற்ஸுக்கும் அழகு கைவந்தது. 1895இல், பட்டத்தை லாஸ்கரிடம் இழந்த மறு ஆண்டு, 59 வயதில், இங்கிலாந்தின் ஹேஸ்ரிங்ஸ் போட்டியில் அவர் பார்டலேபன் என்பவரைச் சந்தித்தார். கோட்டை கட்டும் வாய்ப்பைக் கறுப்பரசன் இழந்திருந்தான். ஸ்ரைனிற்ஸின் கோட்டை அரசனுக்கு அருகிலேயே சென்று முற்றுகையிட்டது. அதனை அரசன் வெட்டினாலும் தோல்வி. இராணி வெட்டினாலும் தோல்வி. ஆனால் ஸ்ரைனிற்ஸின் அரசனும் ஆபத்திலேயே நின்றான். ஒரு நகர்வு முற்றுகையின்றிப் போனால், பின்வரிசையில் அவனே மடக்கப்படுவான். வெட்ட முடியாத அக்கோட்டை அடிமேல் அடியாக அரசனை ஓரத்துக்குத் துரத்தியது. பார்டலேபன் தோல்வியை வாயால் ஒப்புக்கொள்ளாமல், எழுந்து மண்டபத்தை விட்டு வெளியேறிவிட்டார். மீதி இருந்த பத்து நகர்வு மடக்கினை ஸ்ரைனிற்ஸ் சூழ நின்றோர்க்குக் காட்டினார். பல ஆண்டுகள் அழகைச் சந்தேகித்தவருக்கே அப்போட்டியின் அழகுப் பரிசு வழங்கப்பட்டது. நியாயத்தின் முடிவிலே வந்த அழகாதலின், அவருடைய கொள்கைக்கு இது முரணன்று.

ஆனந்தின் ஆட்டம்

கணிப்பொறிகள் ஒவ்வொரு நகர்வையும் எடைபோடும் காலத்தில் இத்தகைய போர் இனி நிகழாது என்று எண்ணியோர் உண்டு. மயிலாடுதுறையிற் பிறந்த விசுவநாதன் ஆனந்த், உலக வீரராயிருந்த வேளையில், 2013ஆம் ஆண்டு சனவரி 15ஆந் திகதி, நெதர்லாந்தின் வெய்க் ஆன் சே நகரில், ஆர்மேனியரான அரோனியனுக்கு எதிரே கறுப்புக் காய்களோடு அமர்ந்தார். அரோனியனின் குதிரை ஓரத்துக் காலாளை வெட்டி உள்ளே புகுந்தது. ஆனந்த் அதனைப் பொருட்படுத்தாது தம் குதிரைகளையும் இரு மந்திரிகளையும் வெள்ளையரசனை நோக்கித் திருப்பினார். ஒரு குதிரையை நடுக்களத்திலே, காலாட்கள் வெட்டக்கூடிய கட்டத்திலே கொண்டுபோய் வைத்தார். வெள்ளைக் குதிரை கோட்டையையும் வெட்டியது. திருப்பி வெட்டுவதே எவரும் எதிர்பார்த்தது. ஆனந்தோ அதனை விட்டு ஒரு காலாளை நகர்த்தினார். 23ஆவது நகர்வில் அவர் மந்திரி ஒரு கட்டம் ஏற, அரோனியன் தோல்வியை ஒப்புக்கொண்டார். 1907இல் உலொட்ஸ் நகரிலே ரூபின்ஸ்ரைன் தம் இராணியை வெட்டவிட்டு, இரு மந்திரிகளின் துணைகொண்டு ரொற்லேவியை வென்ற ஆட்டத்தை இது நினைவூட்டிற்று. முன்னோர் வழியறிந்தவனுக்கே புதுவழி புலப்படும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

நம் மாணவர்க்கு இவற்றால் பெறப்படுவது யாது? தாக்க அஞ்சுதலும் தவறு, காரணமின்றித் தாக்குதலும் தவறு என்று பொதுப்படச் சொல்லி அமைந்துவிடலாகாது. எதிரியரசனின் மதிலை நோக்கு, அங்கே நின்று காப்போரை எண்ணு, சென்று தாக்கக்கூடிய உன் காய்களை எண்ணு, நடுக்களத்தைப் பார், பலியிட்டபின் எதிரியின் மிகச் சிறந்த மறுமொழி எது என்று அவன் இடத்தில் அமர்ந்து தேடு. கடைசியாகச் சொன்னதே கடினமானது. நம் விருப்பத்துக்கு இசைந்த மறுமொழியை எதிரி தருவான் என்று நம்புவதே தோல்வியுற்ற தாக்குதல்களிற் பெரும்பாலானவற்றின் மூலம். உழிஞையானுக்கு நொச்சியானின் கண்ணும் வேண்டும்.

இன்னொன்று. அழியா ஆட்டத்திலே குற்றங்கள் உண்டு என்று ஸ்ரைனிற்ஸ் காட்டினார். இன்றைய கணிப்பொறிகள் இன்னும் பல காட்டுகின்றன. அதனால் அதன் அழகு குன்றியதா என்று இலக்கிய அன்பர் கேட்பர். குன்றவில்லை என்பதே எம் கருத்து. மாணவனுக்குப் பிழையைப் பிழையென்றே காட்டவேண்டும்; அது ஆசிரியன் கடமை. ஆயினும் கடிகாரமும் இயந்திரமும் இல்லாத ஒரு பிற்பகலில், எதிரே மனிதன் ஒருவன் சிந்தித்துக்கொண்டிருக்க, தன்னிடம் உள்ளதெல்லாம் கொடுத்தும் இலக்கை மறவாத ஒரு மனத்தின் ஓட்டத்தை அந்த 23 நகர்வுகளில் இன்றும் நாம் பின்தொடரலாம்.

அதனை நமக்குத் தந்தவர் யார் என்பதும் நினைக்கத்தக்கது. ஆட்டத்தின் நகர்வுகளைப் பாரிஸ் நகருக்கு அனுப்பியவர் தோற்றவராகிய கீசெரிற்ஸ்கியே. அவர் ஆசிரியராயிருந்த 'லா றெஜான்ஸ்' என்னும் பத்திரிகையிலேயே, 1851 யூலை மாதத்தில், அவருடைய தோல்வி அச்சேறியது. இரண்டாண்டின் பின் அவர் பாரிஸில் வறியவராய் இறந்தார். அவர் வென்ற ஆட்டங்களை இன்று தேடிப் படிப்போர் சிலரே. அரண் காத்துத் தோற்ற அந்த ஆசிரியர், தம்மை வென்றவனின் புகழைத் தாமே எழுதி அனுப்பியிராவிட்டால், அந்தப் பிற்பகலின் ஆட்டம் பலகையைக் கலைத்தபோதே கலைந்து போயிருக்கவும் கூடும்.